மின்பிடாரி விழுந்த ஞாயிறு

ராஜாத்திக்கு விழத் தெரியும். வியாசர்பாடியில் பெண்கள் டீமுக்கு கோல்கீப்பராக நின்றவள். முழங்கையை ஊன்றி விழுந்தால் எலும்பு போகும், தோளைச் சுருட்டிக்கொண்டு உருண்டால் மண் மட்டும்தான் ஒட்டும் என்பதை உடம்பே கற்றுவைத்திருந்தது. கல்யாணம் ஆகி, ஷாலு பிறந்து, பந்தைத் தொட்டே வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த வித்தைக்கு ஒரு வேலை கிடைக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஆனால் கிடைத்தது. அந்தக் கோடையில், திருவொற்றியூர் பொருட்காட்சியில், தினமும் சாயங்காலம் ககனவீரனிடம் அடிவாங்கி விழுகிற வேலை.

ககனவீரன் என்பது மாதம் ஒன்றாக வருகிற படக்கதைப் புத்தகம். கதை நடப்பது கி.பி. 2222-ல். கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது. மிச்சமிருக்கும் ஜனம் கண்ணாடிக் கூடாரங்களுக்குள் குடியிருக்கிறது. அவர்களைக் காப்பாற்றப் பறந்து வருகிறவன் ககனவீரன், அழிக்க வருகிற வில்லன் கூட்டம் அழிவுப்படை. ராயபுரத்தில் பொம்மை மொத்த வியாபாரம் பார்க்கும் அய்யாத்துரை அண்ணாச்சி, புத்தகம் போடுகிறவர்களிடம் அனுமதி வாங்கி, திடலில் தகரக் கொட்டகை போட்டு இதை மேடையேற்றினார். காட்சி முடிந்து வெளியே வருகிற பிள்ளைகள் வாசலிலேயே ககனவீரன் பொம்மை கேட்டு அழுவார்கள் என்பது அவருடைய யோசனை. அழவும் செய்தார்கள்.

அழிவுப்படையில் மூன்று பேர். துருவாசன் தொட்டால் எந்த இரும்பும் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். அவனுக்குள் இருந்தவர் பக்தவச்சலம், கொருக்குப்பேட்டைக்காரர், கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். ஆள் சின்ன உடம்பு. துருவாசனைப் பூதாகாரமாகக் காட்டுவதற்காக மெத்தைக்குப் போடுகிற தடித்த ஸ்பாஞ்சில் நெஞ்சும் முதுகும் தொடையும் செய்து, செம்பழுப்பு பெயின்ட் அடித்து அவர் மேல் கட்டியிருந்தார்கள். நச்சுநாதன் வாயிலிருந்து விஷப்புகை விடுவான். அது அலி அக்பர், எண்ணூர் தையல்காரர். மூவருக்கும் உடுப்பு தைத்ததும் அவர்தான். "எண்ணூர்ல பொறந்தவன் மூச்சு வுட்டா பொகதான் வரும், இதுக்கு இன்னாத்துக்குத் தனியா மெஷினு?" என்பார். மூன்றாவது மின்பிடாரி. நகரத்து மின்சாரத்தையெல்லாம் உறிஞ்சிக் குடிக்கிறவள். கறுப்பு உடுப்பு, அதில் ஓடுகிற நீல விளக்குகள், தலையில் ஃபைபர் முகமூடி. கண் இருக்கும் இடத்தில் ஒரு கீற்றுதான் திறப்பு. அதற்குள் ராஜாத்தி.

மேடையில் யாரும் சொந்தக் குரலில் பேசுவதில்லை. வசனமெல்லாம் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் பதிவாகி வந்திருந்தது. ககனவீரன் செந்தமிழில் முழங்குவான். அழிவுப்படை மட்டும் மெட்ராஸ் பாஷையில் பேசும். அதுவும் அந்தப் பாஷையைக் காதால்கூடச் சரியாகக் கேட்டிராத எவரோ பேசியது. "இன்னாபா நைனா கீதுபா மாமுபா" என்று இருக்கிற வார்த்தைகளையெல்லாம் ஒரே வாயில் திணித்தது. முதல் நாள் அதைக் கேட்டதும் ராஜாத்திக்கு எரிச்சலாக வந்தது.

"இன்னும் எறநூறு வருசம் கயிச்சிகூட வில்லன்னா நம்ம பாசதானா, நைனா?"

பக்தவச்சலம் ஸ்பாஞ்சு தொடையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "எறநூறு வருசம் கயிச்சும் நம்ம பாச உசுரோட கீதுன்னு சந்தோசப்படேன், தாயி."

அவள் சிரித்துவிட்டாள். வேலை பிடித்திருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும், உண்மை அதுதான். அறை விழுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்ட மாத்திரத்தில் காற்றில் எழும்பி, முதுகு தரையில் படாமல் உருண்டு மேடை விளிம்பில் போய் நிற்கும்போது, உடம்பு பழைய உடம்பாகிவிடும். பிள்ளைகள் குதிப்பார்கள். முகமூடிக்குள் வியர்வை வாயில் உப்பாக இறங்கும்.

ஒரே ஒரு சங்கடம் ஷாலு. அவளுடைய பத்து வயது மகள். ககனவீரனுக்காக உயிரை விடுகிறவள். புத்தகங்களை ஆஃபியா வீட்டுப் பிள்ளைகளோடு மாற்றி மாற்றிப் படிப்பாள். ஆஃபியா அதே ஹவுசிங் போர்டில் எதிர் வீட்டுக்காரி. மின்பிடாரி வருகிற பக்கங்களில் ஷாலு பேனாவால் மீசை வரைந்துவைத்திருந்தாள். சில படங்களில் கண்ணே இல்லை, குத்திக் கிழித்திருந்தாள். அதைப் பார்த்த அன்றைக்கு, "பொருட்காட்சில இன்னாமா வேல உனக்கு?" என்று ஷாலு கேட்க, "டிக்கெட் கிழிக்கிறேன்" என்று ராஜாத்தியின் வாயில் வந்துவிட்டது. வந்த பொய்யை அப்புறம் திருப்பி வாங்க முடியவில்லை. புருஷன் மணி துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன், வீட்டில் தங்குகிற நாள் குறைவு. "சொல்லிடு ராஜி, கொயந்தைக்கு இன்னா தெரியப்போவுது" என்றான். "தெரியாதுதான். அதாலதான் சொல்லல" என்றாள் இவள்.

ஷாலுவோ ஒவ்வொரு நாளும், "ககனவீரனைக் கிட்டத்துல பாத்தியாமா? நெசமா எப்டி கீறாரு?" என்று கேட்பாள்.

ககனவீரன் நிஜத்தில் ஷிபின். கன்னியாகுமரிப் பக்கத்துப் பையன், சினிமாவில் சண்டைக் கலைஞனாக வேண்டும் என்று ரயிலேறி வந்து, திருவொற்றியூரில் மாடி அறை ஒன்றில் நாலு பேரோடு தங்கியிருந்தான். நல்ல உயரம், நல்ல முகம். உயரத்தைக் கண்டால் மட்டும் பயம். பறந்து இறங்குவதற்காக மேடைச் சாரத்தின் உச்சிக்கு ஏறும்போது சிலுவை போட்டுக்கொள்வான். "அக்கா, கீழ நீங்க நிக்கியதைப் பாத்தாதான் எனக்கு தைரியம்" என்று ராஜாத்தியிடம் ஒருமுறை சொன்னான். தன்னை அடிக்க வருகிறவன் தன்னை நம்பி இறங்குகிறான் என்பது அவளுக்கு வேடிக்கையாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே ஒரு காட்சி வைத்திருந்தார்கள். வெயில் தகரத்தில் இறங்கிக் கொட்டகை அடுப்பாகக் கிடந்தது. இருந்தாலும் நாற்காலி காலியில்லை. மின்பிடாரி முதல் காட்சியில் வந்து, கைகளை விரித்து, நகரத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். ராஜாத்தி கைகளை விரித்தாள். கீற்று வழியாக மூன்றாம் வரிசை தெரிந்தது. அங்கே ஆஃபியா உட்கார்ந்திருந்தாள், முக்காட்டு நுனியால் விசிறிக்கொண்டு. அவளைச் சுற்றி ஹவுசிங் போர்டுப் பிள்ளைகள். நடுவில் மஞ்சள் கவுனில் ஷாலு. அம்மாவுக்குத் தெரியாமல் வந்து டிக்கெட் வாசலில் அம்மாவைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்று திட்டம் போட்டிருந்திருக்கிறார்கள். வாசலில் வேறு யாரோ இருந்ததால் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஷாலு நாற்காலி மேல் ஏறி நின்றாள். "மின்பிடாரி ஒழிக!" என்று கத்தினாள். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் அந்தச் சத்தத்தில் ராஜாத்திக்குத் தன் மகள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "மூஞ்சியப் பாரு! நாசமாப் போ!"

வேஷத்தைத்தான் திட்டுகிறாள் என்று மூளைக்குத் தெரிந்தது. கைகளுக்குத் தெரியவில்லை. விரித்தபடி ஒரு நொடி கூடுதலாக நின்றுவிட்டன. நச்சுநாதன் பக்கத்தில் வந்து, "இன்னா தாயி, மயக்கமா வர்து?" என்று கிசுகிசுத்தார்.

"மூணாவது ரோ. எம் பொண்ணு."

அலி அக்பர் அந்தப் பக்கம் பார்த்தார். "ஸோக்கா திட்டுது" என்றார், ஆறுதலாகவே.

அப்புறம் ககனவீரன் வருகிற கட்டம். மேலே சாரத்துப் பலகையிலிருந்து ஷிபின் குதிக்க, இடுப்பு பெல்ட்டின் இரண்டு பக்கமும் மாட்டிய கம்பி அவனைத் தாங்க, மறைவில் நிற்கிற கம்பி ஆள் முப்பிடாதி கப்பியைச் சுற்றி மெதுவாக இறக்குவார். இசை எழுந்தது. ஷிபின் குதித்தான். பாதி தூரம் வந்ததும் ஒரு பக்கக் கொக்கி கழன்றது.

அவன் அப்படியே புரண்டு தலைகீழானான். கம்பி கோணலாக இழுபட்டதில் கப்பி மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் சிக்கிக்கொண்டது. இரண்டாள் உயரத்தில் ஒற்றைக் கொக்கியில் தொங்கினான். ஸ்பீக்கரில் அவன் குரல் முழங்கிற்று: "அஞ்சாதீர் மக்களே! நான் இருக்கும்வரை உங்களை எவராலும் தீண்ட முடியாது!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைகீழாகப் பறக்கிறான், இது புத்தகத்தில்கூட இல்லை!

ராஜாத்தி கீழேயிருந்து அண்ணாந்தாள். கீற்று வழியாக அவன் முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. விரல்கள் காற்றைப் பிராண்டிக்கொண்டிருந்தன. அவள் இரண்டு கைகளாலும் முகமூடியைக் கழற்றி வீசினாள்.

"பாட்ட நிறுத்துங்கயா! கப்பி மாட்டிக்கினு கீது!" அவளுடைய சொந்தக் குரல் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. "ஷிபினு! தம்பி! ஆடாத! கைய கால ஆட்டாத, அப்டியே தொங்கு! என்னப் பாரு. நா கீயதான் கீறேன், என்னயே பாரு!"

கொட்டகை ஒரேயடியாக அடங்கிற்று. ஸ்பீக்கர் மட்டும் நிற்காமல் அழிவுப்படையின் சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தது.

"நைனா, உன் மெத்தயக் கயட்டு!"

பக்தவச்சலத்துக்கு வார்த்தை முடிவதற்குள் புரிந்துவிட்டது. ஆனால் அந்த உடுப்பு பின்னால் நாடா போட்டு இறுக்கித் தைத்தது, ஒரு ஆள் நின்று அவிழ்த்துவிடாமல் வராது, அதற்கு நேரமில்லை. அலி அக்பர் இடுப்பிலிருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, ராத்திரி பகலாக உட்கார்ந்து தான் போட்ட தையலைத் தானே சரசரவென்று வெட்டினார். நெஞ்சு வந்தது, முதுகு வந்தது, தொடைகள் வந்தன. துருவாசன் இருந்த இடத்தில் பனியனும் அரை டிராயருமாக ஒரு சின்ன மனிதர் நின்றார். இரண்டு பேரும் ஸ்பாஞ்சுகளை இழுத்து ஷிபினுக்குக் கீழே அடுக்கினார்கள்.

"அக்கா..." என்றான் ஷிபின். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் கொக்கியும் விட்டுவிட்டது.

விழும்போது பயத்தில் உதைத்துக்கொண்டான். அதனால் ஸ்பாஞ்சு மேல் நேராக வராமல், மேடையின் இரும்பு விளிம்பைப் பார்த்து வந்தான். ராஜாத்தி யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. கம்பத்து மூலையில் நுழைகிற பந்துக்குத் தாவுகிற மாதிரி பக்கவாட்டில் தாவி, இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் தோளைத் தள்ளினாள். அவன் ஸ்பாஞ்சில் போய் விழுந்தான். இவள் விளிம்பில் விழுந்தாள். தோளைச் சுருட்ட இந்த முறை அவகாசம் கிடைக்கவில்லை. இடது மணிக்கட்டில் படக்கென்று ஒன்று முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

யாரோ ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார்கள்.

அப்போதுதான் அவள் மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். ஷாலு இன்னும் நாற்காலி மேலேயே நின்றுகொண்டிருந்தாள், வாய் திறந்தபடி. அம்மாவின் தலை மின்பிடாரியின் உடம்பில் இருந்தது.

மேடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அலி அக்பர் தன் மேலங்கியைக் கிழித்து அட்டை வைத்து மணிக்கட்டைக் கட்டினார். ஷிபினுக்கு ஒரு கீறல்தான். ஆனால் பக்தவச்சலத்தின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கி அழுதான். "சரி நைனா, சரி, அதான் ஒண்ணும் ஆவலயே" என்று பனியனோடு நின்ற துருவாசன் அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். முப்பிடாதி கப்பியைத் திட்டினார், அப்புறம் தன்னைத் திட்டிக்கொண்டார்.

ஆஃபியா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தாள். மற்றதெல்லாம் ஓடிவந்து ராஜாத்தியின் நீல விளக்குகளைத் தொட்டுப் பார்த்தன. ஷாலு மட்டும் ஆஃபியாவின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள்.

"ஷாலு, வா இங்க."

வரவில்லை. "டிக்கெட் கிழிக்கிறேன்னு சொன்ன."

"ஆமா. சொன்னேன்."

"பொய்தான?"

"பொய்தான்."

ஷாலுவின் உதடு கோணிற்று. "தெரிஞ்சிருந்தா நா அப்டிலாம் திட்டிருக்க மாட்டேன். நீ ஏம்மா சொல்லல? எல்லாரும் திட்டுனாங்க, நானும் திட்டினேன்..." அதற்கு மேல் பேச்சு வராமல் தேம்பினாள்.

வலியில் ராஜாத்திக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இருந்தாலும் நல்ல கையை நீட்டினாள். "நா வேசம் கட்டினு வர்றதே நீங்க திட்றதுக்குத்தான்டி. நீ திட்டலன்னா என் வேல கெட்டுச்சுன்னு அர்த்தம். ஆனா உங்கிட்ட சொல்லாததுதான் தப்பு. உனக்கு அவளப் புடிக்காது. அதான் எனக்கு வாய் வர்ல. என்னயும் புடிக்காமப் பூடுமோன்னு பயமா இருந்திச்சி."

ஷாலு அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கிட்டே வந்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்து, "ரொம்ப நோவுதா?" என்றாள்.

"நோவுது."

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போவாம இன்னா பேசிகினு கீற?" என்றாள், அழுதுகொண்டே கோபமாக.

அய்யாத்துரை அண்ணாச்சி தன் காரையே எடுத்தார். மின்பிடாரியும் மகளும் பின்னால். முன்னால் ககனவீரன், முழு வெள்ளி உடுப்போடு. ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றவர்களெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். கறுப்பு உடுப்பில் விளக்குகளை அணைக்கிற சுவிட்ச் முதுகில் இருந்தது, யாருக்கும் அது நினைவில்லை. எக்ஸ்ரே எடுக்கிற அறைக்கு வெளியே அவள் நீலமாக மின்னிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இரண்டு எலும்பு முறிவு. மாவுக்கட்டு. கட்டுப் போட்டு முடிகிறவரை ஷாலு அம்மாவின் உடுப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஷிபின் கிட்டே வந்து பேசியபோதுகூடத் தலை நிமிரவில்லை. கனவில் வந்த ஆள் பக்கத்தில் நின்றும், அன்றைக்கு அவளுக்கு அவனோடு பேச ஒன்றும் இல்லை.

மறுநாள் அண்ணாச்சி வீடு தேடி வந்தார். செருப்பை வெளியிலேயே விட்டு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார்.

"கம்பி வேலைய கழட்டிப் போட்டுட்டேன்மா. இனிமே பறக்கவே வேண்டாம், நடந்தே வரட்டும். பழைய சாமான்னு தெரிஞ்சும் விட்டது என் தப்பு. கை சரியாகிற வரைக்கும் ஆஸ்பத்திரிச் செலவு என் பொறுப்பு, உங்க சம்பளமும் நிக்காது." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இன்னொண்ணு. நேத்து நீங்க அலறுன குரலு இருக்கே, அது கொட்டகையவே கட்டிப் போட்டுட்டு. அந்தப் பதிவுல இப்படி ஒரு குரல் கிடையாது. நீங்க திரும்பி வந்ததும் உங்க மூணு பேருக்கும் மைக் மாட்டிடுதேன். நீங்களே பேசுங்க. என்ன வேணும்னாலும் பேசுங்க, கெட்ட வார்த்தை மட்டும் வேண்டாம்."

"ஜெயிக்கிறது யாரு?" என்று கேட்டாள் ஷாலு, கதவோரமிருந்து.

"ககனவீரன்தான் பாப்பா. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

ஷாலு அம்மாவைப் பார்த்தாள். ராஜாத்தி தோளைக் குலுக்கினாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

அவள் வரும்வரைக்கும் மின்பிடாரிக்குள் அலி அக்பர் புகுந்தார். நச்சுநாதன் நோய்வாய்ப்பட்டிருப்பதாகக் கதையில் ஒரு வரி சேர்த்தார்கள். வெட்டின துருவாசனை அவரே மறுபடி தைத்தார். இந்த முறை முன்பக்கம் ஜிப் வைத்து.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் கதவு தட்டுகிற சத்தம். ஷாலு திறந்தாள். ஷிபின் நின்றான், சாதாரண சட்டை பேன்ட்டில். பக்கத்தில் ஒரு அம்மாள், வெளுத்த கைத்தறிப் புடவை, கழுத்தில் ஜெபமாலை, கையில் ஒரு பை நிறைய நேந்திரம்பழம். ரயிலில் வந்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

"எங்க அம்மை" என்றான் ஷிபின். "ரெஜினா. சொல்லாண்டாம்னு நினைச்சேன், சொல்லிட்டேன். அடுத்த வண்டியிலயே ஏறிட்டாவ."

ரெஜினா உள்ளே வந்து ராஜாத்தியைப் பார்த்தார். மாவுக்கட்டைப் பார்த்தார். ஏதோ சொல்லத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. ரயில் முழுக்க அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். அதற்குள் ராஜாத்தி ஒற்றைக் கையால் மீனைச் சுத்தம் செய்ய முயன்று, சட்டியில் பாதி செதிலும் பாதி வாலுமாகக் குழப்பி வைத்திருந்தது அவர் கண்ணில் பட்டது.

"நீ இரி மக்களே" என்றார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து மீனைக் கையில் எடுத்தார்.

"ஐயோ, இன்னாமா நீங்க, வுடுங்க, நா பாத்துக்கிறேன்..."

"எனக்க மவனை நீ பாத்துக்கிட்டேல்லா. இதை நான் பாக்கேன்."

அவர் பேசியதில் பாதி ராஜாத்திக்குப் புரியவில்லை. ராஜாத்தி பேசியதிலும் பாதி அவருக்குப் புரியவில்லை என்பது, ஒவ்வொன்றுக்கும் அவர் மகன் முகத்தைத் திரும்பிப் பார்த்ததிலிருந்து தெரிந்தது. மீனைச் செதுக்குகிற கை மட்டும் நிற்கவில்லை. குழம்புக்கு வந்தபோதுதான் தகராறு. ரெஜினா தேங்காய் எங்கே என்று கேட்டார். தேங்காய் அரைத்துவிட்டால் அது மீன் குழம்பே இல்லை, புளிதான் வேண்டும், மாங்காய் போட்டால் இன்னும் நல்லது என்றாள் ராஜாத்தி. தேங்காய் இல்லாமல் மனுஷர் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று ரெஜினா நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"தேங்கா நா வாங்கியாரேன்" என்று எழுந்தாள் ஷாலு. வாசலில் தயங்கி நின்று ஷிபினைப் பார்த்தாள். "அண்ணா, கடை கூட்டமா இருக்கும். நீயும் வர்றியா?"

ஷிபின் எழுந்து போனான். மாடிப்படியில் இரண்டு பேரும் பேசிக்கொண்டு இறங்குகிற சத்தம் கேட்டது. உயரத்துக்கு நிஜமாகவே பயமா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றான் அவன்.

அடுப்பை மூட்டிவிட்டு ரெஜினா திரும்பினார். கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு ராஜாத்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மாவுக்கட்டுக்கு வெளியே நீண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, வீக்கம் வடிகிற மாதிரி மெதுவாக நீவிவிட ஆரம்பித்தார். ராஜாத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.